பட்டியலில் இல்லாத ஒருவர்

அத்தியாயம் 5

"ஏழு கட்டுரை, ஏழு பேர். ஆனா எழுதினது ஒரே ஆள்" என்று சொல்லிக் காகிதக் கட்டை மேஜைமேல் போட்டார் பேராசிரியை. போட்ட வேகத்தில் பேனா ஸ்டாண்டு ஒரு குதி குதித்து அடங்கியது.

மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஸ்டெனோ. நீதிமன்றத்தில் இருபது வருடம் சுருக்கெழுத்து எழுதியவர். பிறர் சொன்ன பொய்யை அட்சரம் பிசகாமல் எழுதி எழுதி, உண்மை எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. வேலையை விட்டதும் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் பூதக்கண்ணாடியோடு அலைந்தால் இந்த அம்மாள் பென்சிலோடு அலைவார்.

இன்னொருவன் வெடி. பத்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலையை விட்டபோது விசிலை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தான். வாயை மட்டும் கூடவே எடுத்து வந்துவிட்டான். பயணிகள் வைத்த பட்டப்பெயர்தான் வெடி. நான்கு வருடமாக ஸ்டெனோவுக்கு உதவியாளன்.

"முதல் வருஷ உளவியல் பசங்க. சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது" என்றார் பேராசிரியை. "முதல் வகுப்பிலேயே சொல்லிடுவேன். கட்டுரையில 'நான்' வரக்கூடாது. 'நிரூபணம் ஆகிவிட்டது'ன்னு அடிச்சுச் சொல்லக்கூடாது. 'இருக்கலாம்', 'எனத் தெரிகிறது'ன்னு அடக்கி வாசிக்கணும். யார் சொன்னது, எந்த வருஷம்னு அடைப்புக்குறிக்குள்ள போடணும். அந்தப் புத்தகத்தோட முழு விவரமும் கடைசிப் பக்கப் பட்டியல்ல இருக்கணும். இதெல்லாம் கைக்கு வர மூணு வருஷம் ஆகும். இந்த ஏழு பேருக்கு மட்டும் ஒரே வாரத்துல வந்துடுச்சு."

வெடியால் சும்மா இருக்க முடியவில்லை. "'நான்' கூடாது, அடிச்சுப் பேசக்கூடாது, ஆதாரம் இல்லாம வாயைத் திறக்கக்கூடாது. இதை எங்க பஸ்ல எழுதி ஒட்டியிருந்தா பத்து வருஷமும் நிம்மதியா டிக்கெட் கிழிச்சிருப்பேன் மேடம்."

பேராசிரியை சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறவர். நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கருமை. அறையில் தூசி கிடையாது, செடி கிடையாது, புகைப்படம் கிடையாது. புத்தகங்கள் மட்டும் உயர வரிசைப்படி நின்றன.

"நாலு மணிக்கு விசாரணைக் குழு உட்காருது. இதை எழுதிக் குடுத்த ஆள் யாருன்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலைன்னா ஏழு பேரையும் நீக்கச் சொல்லி நானே எழுதி வெச்சிருக்கேன்."

"சின்னப் பசங்களாச்சே மேடம்" என்றான் வெடி.

"நாளைக்கு இவங்கதான் மனசு உடைஞ்சு வர்றவங்க முன்னாடி உட்காரப் போறாங்க. பொய் சொல்லிப் படிச்சவங்ககிட்ட உங்க வீட்டுப் பிள்ளையை அனுப்புவீங்களா?"

கேள்வி நியாயமானதுதான்.

ஸ்டெனோ அதற்குள் ஏழு கட்டுரைகளையும் பரப்பி வைத்திருந்தார். ஒன்று தூக்கத்தைப் பற்றி, ஒன்று பயத்தைப் பற்றி, ஒன்று திக்கிப் பேசும் குழந்தைகளைப் பற்றி. ஏழும் ஏழு திசை. ஆனால் ஏழிலும், எங்காவது ஒரு மூலையில், ஒரு சொல்கூட மாறாமல் ஒரே வாக்கியம் வந்து உட்கார்ந்திருந்தது.

*பெயரும் உறவும் நினைவிலிருந்து நீங்கிய பின்னரும், அருகில் இருப்பவர் மீதான பற்று எஞ்சியிருக்கக்கூடும்.*

அதன் முடிவில் அடைப்புக்குறி. உள்ளே ஒரு பெயர்; மார்ச் 14 என்று தேதி; பதினொரு வருடத்துக்கு முந்தைய ஆண்டு. பக்க ஓரத்தில் சிவப்பு மசியில் பேராசிரியையின் கையெழுத்து, ஏழு முறையும் ஒரே மாதிரி: *இப்படி ஒருவர் இல்லை.*

"தேடிப் பார்த்துட்டீங்களா?" என்றார் ஸ்டெனோ.

"நூலகத்துல, ஆய்விதழ்கள்ல, எல்லா இடத்துலயும் தேடியாச்சு. அந்தப் பேர்ல யாரும் ஒரு வரிகூட எழுதினதில்ல. கடைசிப் பட்டியல்லயும் அந்தப் பேர் கிடையாது. கட்டுரை எழுதி விக்கிற ஆள் எவனோ, தன்னோட முத்திரையைக் குத்தி என்னைக் கேலி பண்றான்."

ஸ்டெனோ பென்சிலால் ஒரு கட்டுரையின் பட்டியலைத் தட்டினார். "இருபத்துமூணு புத்தகம். ஒரு கமாகூட இடம் மாறல. இவ்வளவு கவனமான ஆள், ஒரே ஒரு பேரை மட்டும் மறந்து போவாங்களா? அதுவும் ஏழு தடவை?"

"கற்பனைப் புத்தகத்துக்கு எப்படி விவரம் குடுக்க முடியும்?"

"பொய் புத்தகத்துக்குப் பொய் விவரம் குடுத்தாப் போச்சு. அதைவிடுங்க, இன்னொண்ணு. மத்த எல்லா இடத்துலயும் வெறும் வருஷம்தான் போட்டிருக்கு. இங்க மட்டும் நாள், மாசம் எல்லாம் எதுக்கு?"

"நிஜம் மாதிரி தெரியட்டும்னுதான்" என்றார் பேராசிரியை. கொஞ்சம் பொறுமை போயிருந்தது.

ஸ்டெனோ ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பிறகு இன்னொன்றை, பிறகு மூன்றாவதை. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடி போல ஒரு கறுப்புக் கோடு எல்லாத் தாளிலும் இறங்கியிருந்தது.

"வெடி, ஏழும் ஒரே மெஷின்ல வந்திருக்கு."

மணி பதினொன்று.

*

நடைவழி பெஞ்சில் அந்த ஏழு பேரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திக்குவாய்க் கட்டுரையின் சொந்தக்காரி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றாள், அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"நாங்க வேற மாதிரி சொல்லவே இல்லையேம்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்தான் வெடி. "நீ எழுதினதைக் காட்டு. இல்லைன்னா உன்னை அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுடுவாங்க."

பையிலிருந்து நான்காக மடித்த தாள்கள் வந்தன. நீல மசி, நிறைய அடித்தல். ஸ்டெனோ அதையும் அச்சான கட்டுரையையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். வெடி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

கையெழுத்தில் இப்படி இருந்தது: *என் தம்பி திக்குறதை யாராவது கிண்டல் பண்ணினா நான் அவங்களை அடிச்சிருக்கேன், எல்லா அக்காவும் அப்படித்தான்.* அச்சில் அது இப்படி ஆகியிருந்தது: *திக்கிப் பேசும் சிறுவர்களின் உடன்பிறந்தோரிடம் காக்கும் இயல்பு மிகுந்து காணப்படலாம்.*

"அடேயப்பா! அடிதடி கேசை இவ்வளவு அழகா மூடி மறைக்கலாமா?" என்றான் வெடி.

அந்தக் கண்ணீரிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே மறுபடி அழுகை.

ஸ்டெனோ பக்கங்களைப் புரட்டினார். விஷயம் எல்லாம் அவளுடையதுதான். தம்பி, பள்ளிக்கூடம், ஒரு கல்யாண வீட்டில் மைக் முன்னால் அவன் நின்றுபோனது, படித்த புத்தகங்கள், எல்லாம் கையெழுத்துப் பிரதியிலேயே இருந்தன. ஒன்றே ஒன்றுதான் அதில் இல்லை: அந்த மார்ச் 14 வாக்கியம்.

"ஏழு தலை, ஒரு கை" என்றார் ஸ்டெனோ. "இதை யாரும்மா டைப் பண்ணினது?"

அந்தப் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "சொல்ல மாட்டோம். ஏழு பேரும் பேசி வெச்சிருக்கோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"அந்த ஆளுக்காக நீங்க படிப்பையே விடப் போறீங்களா?"

"எங்களுக்கு எப்படி எழுதணும்னு உட்கார வெச்சு சொல்லிக் குடுத்தது அவங்க மட்டும்தான். மேடம் சொன்னாங்க, நாங்க எழுதிக்கிட்டோம். ஆனா ஏன் 'நான்' கூடாதுன்னு அவங்க சொன்னப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது."

"ஏன் கூடாதாம்?" வெடிக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நம்ம வலியைத் தள்ளி வெச்சாத்தான் அடுத்தவங்க வலி கண்ணுக்குத் தெரியுமாம்."

வெடி அந்தத் தாள்களைப் பழையபடி நான்காக மடித்து அவளிடம் கொடுத்தான்.

*

கல்லூரியைச் சுற்றி மூன்று ஜெராக்ஸ் கடைகள். மூன்றிலும் வெடி தன் பழைய கண்டக்டர் அடையாள அட்டையைக் காப்பி எடுத்தான். முதல் கடையில் அவன் முகம் பளிச்சென்று வந்தது. இரண்டாவதில் யாரோ தேடுகிற குற்றவாளி மாதிரி இருட்டாக வந்தது. மூன்றாவது கடையில், இடது காதை இரண்டாகக் கிழித்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

"பாஸ்! என் காதை அறுத்தது இந்தக் கடைதான்."

ஒரு கதவு அகலமே உள்ள கடை. முன்னால் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு தட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். அங்கே முப்பது வயதுப் பெண் ஒருத்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. அவள் குனிந்தே பார்க்கவில்லை. பக்கத்தில் மாணவர்களின் கையெழுத்துத் தாள்கள் கிளிப் போட்டுத் தொங்கின.

வெடி வழியிலேயே எழுதி வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். "இதைக் கொஞ்சம் அடிச்சுக் குடுங்களேன். முதல் வருஷக் கட்டுரை."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க முதல் வருஷமா?"

"பாஸாகவே மாட்டேங்குது, என்ன பண்றது?"

காகிதத்தில் இருந்தது: *பயந்த மனிதன் கண்டிப்பாகப் பொய் சொல்வான் என்று நான் ஆணித்தரமாகச் சொல்கிறேன்.* அவள் விரல்கள் ஓடின. திரையில் வந்தது: *அச்சம் சிலரைப் பொய் சொல்லத் தூண்டக்கூடும்.* அதோடு கை நின்றுவிட்டது.

"யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அதைப் போட முடியாது. ஆதாரம் வேணும். பேர், வருஷம்." அவள் கண்டிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் நூறு தடவை சொன்ன ஒரு நல்ல டீச்சரின் கண்டிப்பு அது, பயமுறுத்தவில்லை.

தட்டியைச் சுற்றிக்கொண்டு ஸ்டெனோ உள்ளே வந்தார். திக்குவாய்க் கட்டுரையை அவள் முன் வைத்து, அந்த அடைப்புக்குறிக்கு மேல் பென்சில் முனையை வைத்தார்.

"இது யாருங்க?" என்று கேட்டார்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவள் கண்கள் நிறைந்தன, துடைக்கவில்லை.

"இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டாங்களான்னு பதினொரு வருஷமா உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியவங்க மட்டும் கேட்கவே இல்ல."

"வாயால சொன்ன ஒருத்தர்தானே? எழுதினவங்க இல்லையே?" என்றார் ஸ்டெனோ. "நீதிமன்றத்துல சாட்சி சொன்னதை நாங்க நாள் போட்டுத்தான் எழுதுவோம். புத்தகத்துக்கு வருஷம் போதும். பேச்சுக்குத்தான் நாள் வேணும்."

அவள் தலையாட்டினாள். "ஒருத்தர் நேர்ல சொன்னதை மேற்கோள் காட்டலாம். ஆனா கடைசிப் பட்டியல்ல சேர்க்கக் கூடாது. படிக்கிறவங்க அதைத் தேடிப் போய்ப் பார்க்க முடியாது இல்லையா, அதனால. அதுதான் விதி. அடைப்புக்குறிக்குள்ள 'நேர்ப்பேச்சு'ன்னு ஒரு வார்த்தை மட்டும் போடணும். முதல் தடவை அதை விட்டுட்டேன். அவசரத்துல விட்டுப்போச்சு."

"முதல் தடவைன்னா?"

மேஜை டிராயரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் ஒரு கட்டுரை, ஓரங்கள் பழுத்திருந்தன. தலைப்பு மறதியைப் பற்றியது. முதல் பக்கத்தில் கல்லூரி அலுவலகத்தின் முத்திரை. மூன்றாம் பக்கத்தில் அதே வாக்கியம், அதே அடைப்புக்குறி. வெடியின் கண் பக்க ஓரத்துக்குப் போனது.

சிவப்பு மசி, காலையில் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து. *இப்படி ஒருவர் இல்லை.*

நாம் யாருக்காகக் காலையிலிருந்து அலைகிறோமோ, அந்தப் பேராசிரியைதானா? வெடி ஸ்டெனோவைப் பார்த்தான். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. இந்த அம்மாளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க அவனுக்கு அப்போது மனசு வரவில்லை.

"எங்கம்மாதான் அது" என்றாள் அந்தப் பெண். "மறதி வியாதி. நாப்பத்தெட்டு வயசுலயே ஆரம்பிச்சுடுச்சு. வீட்ல நாங்க ரெண்டே பேர். முதல்ல சாவி எங்க வெச்சோம்னு மறந்தாங்க, அப்புறம் வீட்டு வழி, அப்புறம் என் பேர். நான் உளவியல் எடுத்ததே அதுக்காகத்தான். மறதியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டா அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்துடலாம்னு நினைச்சேன். பத்தொன்பது வயசு, வேற என்ன நினைப்பேன்?"

"அம்மா போனது கட்டுரை குடுத்த அன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார் ஸ்டெனோ.

"அன்னைக்கு சாயங்காலமே போயிட்டாங்க."

அவள் அந்தக் கட்டுரையின் பழுத்த ஓரத்தை நீவி விட்டாள்.

"மூணு வாரம் கழிச்சு இந்தத் தாள் திரும்பி வந்துது. கூடவே விசாரணைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம், பொய் மேற்கோள்னு. நான் போகல. என்னன்னு போய்ச் சொல்றது? 'இப்படி ஒருவர் இல்லை'ன்னு எழுதியிருந்துது. அது உண்மைதானேன்னு தோணிச்சு." மூச்சை இழுத்து விட்டாள். "வரலைன்னதும் குற்றத்தை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டாங்க. பேரை நீக்கிட்டாங்க."

"அப்புறம் எதுக்கும்மா இந்தப் பசங்க கட்டுரையில..." என்று இழுத்தான் வெடி.

"அவங்க எழுதினதைத் திருத்த மட்டும்தான் செஞ்சேன். விஷயம் எல்லாம் அவங்களோடது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும், அன்னைக்கு எழுதின மாதிரியே, நானாச் சேர்த்தேன். மேடம் கண்ணுல படும், ஒரு தடவையாவது கூப்பிட்டு யாருன்னு கேட்பாங்கன்னு நினைச்சேன். பசங்களுக்கு இப்படி ஆகும்னு நினைக்கல. தப்புதான். என் துக்கத்துக்கு அதுங்களைத் துண்டுச் சீட்டு மாதிரி உபயோகிச்சிருக்கக் கூடாது."

திரையை அணைத்துவிட்டு எழுந்தாள். "நாலு மணிக்குத்தானே? நான் வர்றேன்."

*

மூன்றரை மணிக்குப் பேராசிரியையின் அறையில், ஏழு கட்டுரைகளுக்குப் பக்கத்தில் ஸ்டெனோ எட்டாவதை வைத்தார். அந்தப் பெண் கதவோரம் நின்றாள்.

பேராசிரியை முதலில் முத்திரையைப் பார்த்தார். *பெறப்பட்டது, மார்ச் 14, மாலை 4.50.* பக்கத்தைப் புரட்டினார். அடைப்புக்குறிக்குள் மார்ச் 14. அவர் விரல் திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனது. திரும்பவும் மூன்றாம் பக்கத்துக்கு வந்தது.

"காலையில அச்சாகி, அன்னைக்கு சாயங்காலமே மேற்கோளா வர்ற புத்தகம் எதுவும் இல்லைங்க" என்றார் ஸ்டெனோ. "அன்னைக்கு யாரோ இந்தப் பொண்ணுகிட்ட பேசியிருக்காங்க. தேதியை நீங்க அன்னைக்கே பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பேராசிரியை தன் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். ஆளைத் தூக்கில் போடுகிற மாதிரி காலையில் பேசிய அந்த அம்மாளின் தோள் இரண்டும் இறங்கிவிட்டன. வெடிக்கு அவரைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு உன்னை ஞாபகமே இல்லம்மா" என்றார் கடைசியில்.

"தெரியும் மேடம். வருஷத்துக்கு இருநூறு கட்டுரை." அதில் குத்தல் இல்லை. அதனாலேயே கேட்கச் சகிக்கவில்லை.

"திரும்பச் சேர்ந்து படிக்கிறியா? நான் குழுகிட்ட பேசறேன்."

"எனக்கு யார்கிட்ட திரும்பப் போகணுமோ, அவங்க இல்ல மேடம். பசங்களை விட்டுடுங்க. அது போதும்."

பேராசிரியை குழுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இரண்டு தாளைக் கசக்கிப் போட்டார். அந்தப் பெண் தானாகவே வந்து அறை மூலையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "சொல்லுங்க மேடம், நான் அடிக்கிறேன்."

"புகார் திரும்பப் பெறப்படுகிறது" என்று ஆரம்பித்தார் பேராசிரியை. "ஏழு கட்டுரைகளும் மாணவர்களின் சொந்த முயற்சியே எனத் தெரியவருகிறது. மேலும், பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவியின் மேற்கோள் உரிய முறையில் பரிசீலிக்கப்படாமல், தவறு ஒன்று நேர்ந்திருக்கலாம்..."

அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன.

வெடி தொண்டையைச் செருமினான். "மேடம், இதுல யார் செஞ்சாங்கன்னு இல்லையே. எங்க பாஸாலகூட கண்டுபிடிக்க முடியாது." சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நான் தப்பு பண்ணிட்டேன்னு போடும்மா."

"'நான்' போடலாமா மேடம்?" பதினொரு வருடம் கழித்தும் அவள் முதல் வருட மாணவியாகத்தான் கேட்டாள்.

"போடு."

அவள் அடித்தாள். ஓரத்தில் கறுப்புக் கோடு இல்லாமல் தாள் சுத்தமாக வெளியே வந்தது. கையெழுத்து ஆனது. மணி மூன்று ஐம்பது. நடைவழியில் ஏழு பேர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. வெடி கடிதத்தை வாங்கிக்கொண்டான். ஆனால் கதவைத் திறக்கவில்லை.

பேராசிரியை அந்தப் பழைய கட்டுரையைக் கையில் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் எழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, அடைப்புக்குறியை மட்டும் அவளுக்குக் காட்டினார்.

"அன்னைக்கே கேட்டிருக்கணும், இப்பக் கேக்கறேன். இது யாரும்மா?"

"எங்கம்மா, மேடம்."

"என்ன சொன்னாங்க?"

'பற்று எஞ்சியிருக்கக்கூடும்' என்று அத்தனை கட்டுரைகளிலும் அடக்கி ஒடுக்கி எழுதியதை, அம்மா சொன்ன வார்த்தையிலேயே அவள் யாரிடமும் சொன்னதில்லை போலிருந்தது.

"ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க மேடம். 'நீ யாருன்னு தெரியலம்மா, ஆனா போயிடாத'ன்னு சொன்னாங்க. அஞ்சு மணிக்குள்ள கட்டுரை குடுக்கணுமேன்னு நான் கிளம்பி வந்துட்டேன்."